பகடை உருட்டுபவனின் தொப்பை

மேசை விளையாட்டுக்காரன் என்றதுமே பலருடைய மனதில் ஓர் உருவம் தயாராக வந்து நிற்கிறது. பெரிய தொப்பை. கறுப்பு டீ-சட்டை. ஒரு கையில் சிப்ஸ், மறு கையில் பகடை. முப்பது வயதாகியும் அம்மா சமையல். இந்த உருவத்தை நம்மூரில் யாரும் பார்த்து வரையவில்லை. 1991-இல் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் ஒரு காமிக்ஸ் கடைக்காரர் வந்தார். பருத்த உடல், பின்னால் கட்டிய முடி, எல்லாரையும் மட்டம் தட்டும் வாய். அமெரிக்கத் தொலைக்காட்சி அதே ஆளைப் பல பெயர்களில் திரும்பத் திரும்பக் காட்டியது. நாம் அவரை அப்படியே இறக்குமதி செய்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளிக்கிழமை இரவு பகடை உருட்டும் பையன்கள் மீது ஒட்டிவிட்டோம்.

வெறும் கிண்டல் என்றால் விட்டுவிடலாம். ஆனால் நன்றாகப் படிக்கிற, பேசத் தெரிந்த நண்பர்கள் சிலர் இதை ஒரு கருத்தாகவே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். “தன்னோட உடம்ப மறக்க நினைக்கிறவன்தான் தம்பி கற்பனை உடம்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிறான். அதான் உங்க ஆளுங்க எல்லாம் அப்படி இருக்காங்க” என்று மதிப்புக்குரிய ஓர் அண்ணன் என்னிடம் சொன்னார். கேட்க அழகாக இருக்கிறது. கேட்க அழகாக இருப்பதாலேயே யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. நான் தொழிற்சாலையில் வேலை செய்யும் பொறியாளன். ஓர் இயந்திரம் சூடாகிறது என்றால் அதன் பெயரையோ நிறத்தையோ காரணம் காட்டி அறிக்கை எழுத முடியாது. அளந்து பார்க்க வேண்டும்.

முதலில் இந்த விளையாட்டு என்ன என்று தெரியாதவர்களுக்கு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியிட்டார்கள். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். என்ன நடக்கும் என்பதில் பகடைக்கும் பங்கு உண்டு. சரியாகச் சொன்னால் கூட்டாகக் கதை சொல்வது. இதோடு போர்டு கேம், வார்ஹேமர் மாதிரி பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு, சதுரங்கம், சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மேசை விளையாட்டு என்கிறேன். நம் தாத்தாக்கள் தோட்டத்து வீட்டு வாசலில் தாயம் உருட்டினார்கள். இழவு வீட்டில் விடிய விடிய சீட்டு ஆடினார்கள். கேரம் பலகையைச் சுற்றி ஒரு தலைமுறையே வளர்ந்தது. அவர்கள் யாரிடமும் “நீ உடம்பை மறக்கத்தான் தாயம் ஆடுகிறாய்” என்று எவரும் சொன்னதில்லை.

அண்ணனின் வாதத்துக்கு வருகிறேன். ‘உங்க ஆளுங்க எல்லாம் அப்படி இருக்காங்க’ என்றார். எங்கள் மேசையில் ஆறு பேர். அதில் மூன்று பேருக்கு எடை அதிகம். பாதி. பயங்கரமான எண்ணிக்கை போலத் தோன்றும். ஆனால் சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். 2023 ஆய்வில் அது 54.4 ஆகிவிட்டது. அதாவது எங்கள் மேசை மலேசியாவைப் போலவே இருக்கிறது. எந்த மாமாக் கடையிலும் எந்த ஆறு பேரைப் பிடித்து உட்கார வைத்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான் வரும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் இல்லாமல் ஒரு கூட்டத்தை மட்டும் எண்ணிவிட்டு ‘காரணம் கண்டுபிடித்துவிட்டேன்’ என்று சொன்னால் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு ஆய்வகக் குறிப்பேட்டிலேயே சிவப்பு மை விழும்.

அந்த இன்னொரு கூட்டத்தை நானே சொல்கிறேன். நம் இலக்கியக் கூட்டங்கள். மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் கேசரி, வடை, சீனி தூக்கலாகத் தேநீர். முடிந்ததும் மாமாக்கில் இன்னும் இரண்டு மணி நேரம், ரொட்டி சானாயோடு பின்நவீனத்துவம். அங்கே இருக்கும் தொப்பைகளை எண்ணிவிட்டு யாராவது ‘நாவல் வாசிப்பு உடலை மறக்கச் செய்கிறது’ என்று கட்டுரை எழுதினார்களா? நாற்காலியில் உட்கார்ந்து படித்தால் தவம், நாற்காலியில் உட்கார்ந்து பகடை உருட்டினால் சோம்பல். இந்த வித்தியாசத்தை உருவாக்குவது உடல் இல்லை. எந்தப் பொழுதுபோக்குக்கு மரியாதை, எதற்கு மரியாதை இல்லை என்று நாம் ஏற்கனவே எடுத்து வைத்திருக்கும் முடிவு.

அடுத்து, எது முதலில் வந்தது என்ற கேள்வி. 1953-இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். இரண்டடுக்கு பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கும் நடத்துநர்களை விட, உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களுக்கு இதய நோய் அதிகம். உட்கார்வது ஆபத்து என்று சொல்ல இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அது. ஆனால் மூன்று வருடம் கழித்து அதே குழு இன்னொரு வேலை செய்தது. ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். இளம் வயதினரிலேயே ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதை விடப் பெரியது. அப்படியென்றால் ஓட்டுநர் இருக்கை மட்டும்தான் அந்த இடுப்பைச் செய்ததா, இல்லை அந்த இடுப்போடு வந்தவர்கள்தான் அந்த இருக்கையைத் தேர்ந்தெடுத்தார்களா? தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே சந்தேகப்பட்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

அதே கேள்வியை எங்கள் மேசையிலும் கேட்டுப் பாருங்கள். மலேசியப் பள்ளியில் படித்தவர்களுக்குச் செகாக் சோதனை ஞாபகம் இருக்கும். எல்லார் முன்னாலும் எடை பார்ப்பது, பிஎம்ஐ கணக்கிடுவது, டக் டக் என்ற சத்தத்துக்கு ஏறி இறங்குவது, புஷ் அப். பருத்த பையனுக்கு அது சோதனை இல்லை, வருடத்துக்கு இரண்டு முறை மேடை ஏற்றிக் காட்டுவது. மற்ற நாள்களில் பிஜே வகுப்பில் காற்பந்து அணி பிரிக்கும்போது அவன்தான் கடைசி. பரீட்சை நெருங்கினால் அந்த பிஜே வகுப்பையும் கணித ஆசிரியர் எடுத்துக்கொள்வார். பதின்மூன்று வயதில் திடலிலிருந்து துரத்தப்பட்ட ஒருவன், இருபத்து மூன்று வயதில் ஒரு மேசையைக் கண்டுபிடிக்கிறான். அங்கே யாரும் அவனைக் கடைசியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அவன் பேசினால் கேட்கிறார்கள். அவன் அங்கேயே தங்கிவிடுகிறான். பிறகு நீங்கள் வந்து, ‘பார், இந்த மேசைதான் அவனைக் குண்டாக்கியது’ என்கிறீர்கள். துரத்திய திடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். குண்டான ஆண் விளையாட்டுக்காரன் ஒரு கேலிச்சித்திரம் என்ற அளவிலாவது இருக்கிறான். குண்டான பெண்ணுக்கு அந்த இடமும் இல்லை. விளையாட்டு நூல்களின் அட்டையில் இரும்பு உள்ளாடையோடு போருக்குப் போகும் பெண்கள். 1978-இல் வந்த விதிப் புத்தகத்தில் மனிதப் பெண் கதாபாத்திரத்தின் உடல் வலிமைக்கு ஆணை விடக் குறைந்த உச்சவரம்பு அச்சாகியிருந்தது. டிராகன் பறக்கலாம், பெண் ஓர் அளவுக்கு மேல் தூக்கக் கூடாது. பின்னர் வந்த பதிப்புகளில் அந்த விதி போய்விட்டது. கடைக்குள் நுழையும் பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை அளக்கும் கண்கள் அதே வேகத்தில் போகவில்லை.

இந்தக் கிண்டலில் என்னை உண்மையாகவே பயமுறுத்துவது வேறு ஒன்று. பார்த்தாலே தெரியும் என்ற நம்பிக்கை. 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. இருவரும் ஒல்லி. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2. ஒரே எண், ஒரே மாதிரி தோற்றம், உள்ளே இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். தெற்காசிய உடல்கள் ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கின்றன, குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. அதனால்தான் ஆசியர்களுக்கு எச்சரிக்கைக் கோட்டை பிஎம்ஐ 25-இலிருந்து 23-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது.

நம் மக்களின் கணக்கைச் சொல்கிறேன். அதே 2019 ஆய்வில் நீரிழிவு உள்ள மலேசியப் பெரியவர்கள் 18.3 விழுக்காடு. மலேசிய இந்தியர்களில் மட்டும் 31.4. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். நாட்டில் நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே அப்போது தெரியாது. இந்த நிலையில் குண்டாக இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை மட்டும் இல்லை, முட்டாள்தனமும்கூட. குச்சி மாதிரி கையும் சின்ன வயிறுமாக உட்கார்ந்திருக்கும் ஒல்லிப் பையனும் அவனோடு சேர்ந்துதான் சிரிக்கிறான். ‘நமக்கென்ன, நாமதான் ஒல்லியாச்சே’ என்று அடுத்த கிளாஸ் மைலோ ஐஸைச் சொல்கிறான். உங்கள் கிண்டல் அவனுக்கும் சேர்த்துத்தான் பொய் சொல்கிறது.

இதுவரை வெளியே இருப்பவர்களுக்கு. இனி எங்கள் மேசைக்கு.

எங்களைக் கிண்டல் செய்தவர்களுக்குப் பதிலாக நாங்கள் ஒரு திமிரை வளர்த்துக்கொண்டோம். ‘நாம மூளைக்காரங்க. உடம்பெல்லாம் ஜிம்காரனுக்கு.’ இந்த வாக்கியம் நேரடியாகச் சொல்லப்படுவது குறைவு. ஆனால் எல்லா மேசையிலும் அது உட்கார்ந்திருக்கிறது. யாராவது கோசோங் என்று சீனி இல்லாத தேநீர் கேட்டால், “என்ன மச்சான், பொண்ணு பாக்க வராங்களா?” என்று ஒரு குரல் வரும். யாராவது வீட்டிலிருந்து டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்தால் அன்றைய இரவுக்கு அவன்தான் நகைச்சுவைப் பகுதி. மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய கோலா பாட்டிலும் பொரித்த கோழியும் இருக்கும். வேண்டாம் என்றால் ‘ரொம்பப் பண்ணாதடா’ என்பார்கள். திடலில் துரத்தப்பட்டவர்கள் சேர்ந்து கட்டிய இடத்தில், உடம்பைக் கவனித்துக்கொள்பவனைத் துரத்துகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு மேசையில் இருபத்தாறு வயது நண்பன் ஒருவன் ஊசி போட்டுக்கொள்ள ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைக் கழிப்பறைக்குப் போவான். ‘போன் வந்துச்சு’ என்று சொல்லிவிட்டுப் போவான். பதினைந்து மாதம். அதே நேரம் மேசையில் அவனுடைய கதாபாத்திரம் விஷம் குடித்துப் படுத்திருந்தபோது நான்கு பேர் முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள், எந்த மூலிகை, எந்த மந்திரம், யாரிடம் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று. கற்பனையில் ஒருவன் நோய்ப்படுவதை அவ்வளவு பொறுப்போடு பேசத் தெரிந்தவர்களிடம், தனக்கு இனிப்புநீர் இருக்கிறது என்று ஒரு வரி சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. கூச்சம் அவனுடையது என்று தள்ளிவிட முடியாது. ‘பொண்ணு பாக்க வராங்களா’ என்று கேட்ட குரல்தான் அந்தக் கழிப்பறைக் கதவைச் சாத்தியது.

விளையாட்டின் விதிப் புத்தகம் எங்களை விட விவேகமாக இருக்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு கதாபாத்திரம் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு உணவு சாப்பிட வேண்டும், ஒரு கேலன் தண்ணீர் குடிக்க வேண்டும். 8 மணி நேரத்துக்கு மேல் நடந்தால் உடல் தாங்குமா என்று பகடை உருட்ட வேண்டும். சிறு ஓய்வு ஒரு மணி நேரம், நீண்ட ஓய்வு எட்டு மணி நேரம். களைப்புக்கு ஆறு படிகள், ஆறாவது படியில் சாவு. இவ்வளவையும் மனப்பாடமாகச் சொல்லும் என் நண்பர்கள் இரவு 8 மணிக்கு உட்கார்ந்தால் 1 மணிவரை நாற்காலியை விட்டு எழுவதில்லை. தண்ணீர் பாட்டில் கிடையாது. இரவுச் சாப்பாடு 1.30-க்கு நாசி கண்டார். மறுநாள் சனிக்கிழமை ஓவர்டைம். குள்ளப் போர்வீரனுக்கு ஓய்வு விதி இருக்கிறது, அவனை ஆட்டுவிக்கிறவனுக்கு இல்லை.

‘யோசிக்கிறதே உடற்பயிற்சிதான்’ என்ற கதை ஒன்றும் எங்களிடம் உலவுகிறது. சதுரங்க வீரர் போட்டி நாளில் 6000 கலோரி எரிக்கிறார் என்று 2019-இல் ஒரு செய்தி பரவியது. எங்கள் குழுக்களில் அதைப் பகிராதவர் இல்லை. கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 6000 கலோரி என்பது டூர் டி பிரான்ஸில் மலையேறும் சைக்கிள் வீரரின் ஒரு நாள் செலவுக்குப் பக்கம். மூளை நம் ஓய்வுநிலைச் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது என்பது உண்மை. ஆனால் கடுமையாக யோசிக்கும்போது அதற்கு மேல் கூடுவது சொற்பம். நீங்கள் அரக்கனின் பலவீனத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு மண்டையை உடைத்தாலும், ஒரு ரொட்டி சானாய்க்குக்கூட அது ஈடாகாது.

சதுரங்கம் சொல்லும் உண்மையான பாடம் இதற்கு நேர் எதிர். 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் தொடங்கிய கார்போவ் - காஸ்பரோவ் ஆட்டத் தொடர் 48 ஆட்டங்கள் ஓடியும் முடியாமல், 1985 பிப்ரவரியில் ஆட்டக்காரர்களின் களைப்பைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. கார்போவ் பார்க்கவே இளைத்துப் போயிருந்தார். அதற்கு முன்பே 1972 ரெய்க்யாவிக் போட்டிக்குத் தயாரான பாபி பிஷர் நீச்சலும் டென்னிஸுமாக இருந்தார். 2024 டிசம்பரில் நம் பக்கத்தில், சிங்கப்பூரில், 18 வயதுச் சென்னைப் பையன் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது அவரோடு இருந்தவர்களில் ஒருவர் பேடி அப்டன். 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்கு மனப்பயிற்சி கொடுத்தவர். மூளையும் உடம்பின் ஓர் உறுப்புதான் என்று மேசை விளையாட்டின் மூத்த கிளைக்கு எப்போதோ தெரியும். நாங்கள்தான் தெரியாத மாதிரி நடிக்கிறோம்.

எங்களில் இன்னொரு கட்சியும் உண்டு. கிண்டல் வந்ததும் பட்டியலை எடுப்பவர்கள். “வின் டீசலும் டன்ஜன்ஸ் ஆடுவார் தெரியுமா? ஜோ மாங்கனியெல்லோ ஆர்ம்ஸ் பாத்திருக்கியா?” ஆடுவார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பதில் என்ன சொல்கிறது? கட்டுமஸ்தான உடல் இருந்தால்தான் எங்கள் விளையாட்டுக்கு மரியாதை என்பதை ஒப்புக்கொள்கிறது. கிண்டல் செய்தவனின் அளவுகோலையே கையில் வாங்கி, ‘இதோ பார், எங்களிடமும் இரண்டு பேர் தேறுவார்கள்’ என்று காட்டுவது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் 110 கிலோ நண்பனுக்கு அது என்ன ஆறுதல்?

பிறகு சமீபத்தில் ஜிம்முக்குப் போகத் தொடங்கிய நண்பர்கள். போகட்டும், நல்லது. ஆனால் அவர்கள் வாயிலிருந்து வருவது அதே விளையாட்டு மொழி. ‘லெவல் அப்’, ‘எக்ஸ்பி’, ‘உன் ஸ்ட்ரெங்த் ஸ்டாட் என்ன புரோ?’ உடலைக் கேரக்டர் ஷீட்டாக்கிவிட்டார்கள். கேரக்டர் ஷீட்டில் வலிமைக்கும் சகிப்புத்தன்மைக்கும் நாமே புள்ளி பிரித்துப் போடலாம். உண்மை உடம்பு அப்படி வருவதில்லை. அப்பாவின் இனிப்புநீரோடு வருகிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டோடு, நடைபாதை இல்லாத தாமானோடு, ஒரு மணி நேர நெடுஞ்சாலை நெரிசலோடு வருகிறது. நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் ஊழியர் ஆரோக்கியத்துக்காக ‘ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி’ போட்டி வைத்தார்கள். அதே மாதம் ஓவர்டைம் கட்டாயம். ஜெயித்தது கிடங்கில் பொருள் தூக்கும் வங்காளதேசத் தொழிலாளி. பரிசு, ஜிம் கூப்பன். அவர் அதை வைத்து என்ன செய்திருப்பார் என்று மேலதிகாரிகள் யாரும் யோசிக்கவில்லை.

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளை ஐந்து படிகளாக வரிசைப்படுத்துவார்கள். முதலில் ஆபத்தை நீக்கு. முடியாவிட்டால் வேறொன்றை மாற்றி வை. அடுத்து, இயந்திரத்துக்குத் தடுப்பு கட்டு. அடுத்து, வேலை முறையை மாற்று. இவை எல்லாம் போதாதபோதுதான் கடைசியாகத் தொழிலாளியின் தலையில் ஹெல்மெட். சோம்பேறி முதலாளிகள் கடைசியிலிருந்து தொடங்குவார்கள், ஏனென்றால் ஹெல்மெட் மலிவு, விபத்து நடந்தால் பழியையும் போடாதவன் மீது போட்டுவிடலாம். உடல் விஷயத்தில் மன உறுதி என்பது அந்த ஹெல்மெட்தான். ‘வாயைக் கட்டு’, ‘கண்ட்ரோல் பண்ணு’ என்று சொல்பவர்கள் எல்லாரும் ஐந்தாவது படியிலிருந்து தொடங்குகிறார்கள்.

அரசாங்கம்கூட இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. 2019 ஜூலையில் மலேசியா 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. அந்த எல்லையிலேயே நிற்கும் ஒரு பானத்தைக்கூட அரை லிட்டர் குடித்தால் 25 கிராம் சீனி. ஒரு முழு நாளுக்கு இதற்குள் நிறுத்துவது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அது. ஐந்து மணி நேர ஆட்டத்தில் அரை லிட்டரோடு யார் நிறுத்துகிறார்கள்?

ஆகவே மேசை நடத்துபவர்களிடம் நான் கேட்பது யாருடைய உடம்பையும் திருத்தச் சொல்லி அல்ல. மேசையைத் திருத்துங்கள். நடுவில் வைக்கும் பெரிய பாட்டில் தண்ணீராக இருக்கட்டும், கோலா வேண்டுமென்பவர் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் எல்லாரும் எழுந்து நிற்பதை விதியாக்குங்கள், கதை எவ்வளவு சூடாக இருந்தாலும் சரி. சாப்பாட்டை நள்ளிரவுக்குத் தள்ளாமல் எட்டு மணிக்கே முடித்துவிட்டு உட்காருங்கள். 11 மணிக்குப் பகடையைப் பைக்குள் போடுங்கள். கடைக்காரர்களே, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவரும் பயமில்லாமல் உட்காரக்கூடிய நான்கு நாற்காலிகளாவது வாங்கி வையுங்கள், அந்த மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலி யாருடைய நண்பனும் இல்லை. புதிதாக ஒருவர் சேரும்போது ‘சாப்பாட்டுல, மருந்துல ஏதாவது கவனிக்கணுமா?’ என்று கேளுங்கள். கதையில் என்னென்ன விஷயம் வேண்டாம் என்று முதல் நாளே கேட்கும் நல்ல பழக்கம் பல மேசைகளில் வந்துவிட்டது. இந்தக் கேள்வியையும் அதோடு சேர்த்துவிடலாம்.

இன்னொன்று. இது உடனடியாகச் செய்யக்கூடியது. நம் ஆட்கள், ஒல்லியோ பருமனோ, முப்பதுக்கு முன்பே ஒரு தடவை இரத்தத்தில் சீனியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் இதற்குப் பெரிய செலவில்லை, காலையில் வெறும் வயிற்றோடு போய் வரிசையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காத்திருப்பது எங்களுக்குப் புதிதா? ஆறு பேருடைய முறை முடிந்து நம் முறை வர இருபது நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். ஒரு மேசையாகவே சேர்ந்து போகலாம். தனியாகப் போகப் பயப்படுகிறவனுக்கு அது பெரிய உதவி.

இது எல்லாம் மேசையின் சுதந்திரத்தில் தலையிடுவது என்று சிலர் சொல்வார்கள். “நாங்க வாரத்துல ஒரு நாள் நிம்மதியா இருக்க வர்றோம், அங்கயும் வந்து டாக்டர் வேலை பாக்காத.” அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். வாரம் முழுக்க மேலதிகாரி, அம்மா, அத்தை, கல்யாணத் தரகர் என்று எல்லாரும் உடம்பைப் பற்றிப் பேசியே கொல்கிறார்கள். மேசையிலாவது அந்தப் பேச்சு வேண்டாம் என்பது நியாயம். ஆனால் நான் பேச்சைக் கூட்டச் சொல்லவில்லை. தண்ணீரும் நாற்காலியும் நேரமும் சரியாக இருந்தால் யாரும் யாருடைய தட்டையும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ‘கோசோங்’ என்று ஒருவன் சொல்லும்போது ஒருவரும் திரும்பிப் பார்க்காத மேசைதான் நான் கேட்கும் சுதந்திரம்.

மதிப்புக்குரிய அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் உடம்பை மறக்கக் கற்பனைக்குள் போகிறோம் என்றீர்கள். போகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால், ஒருவன் தன் உடம்பை மறந்தால்தான் நிம்மதியாக இருக்க முடியும் என்ற நிலைக்கு அவனை யார் கொண்டுவந்தது? அதில் உங்கள் சிரிப்புக்கும் பங்கு இருக்கிறது. அடுத்த இலக்கியக் கூட்டத்தில் கேசரித் தட்டு வரும்போது இதைப் பற்றிப் பேசலாம். நான் தேநீர் கோசோங் சொல்வேன், நீங்களும் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.